நீலம் வரும்வரை

ஷிஜியாஜுவாங்கில் இரவு ஷிஃப்டுக்குப்
பேருந்து எங்களை இறக்கிவிடும்போதே
காற்றில் ஒரு புளிப்பு இருக்கும்.
நெடி என்று சொல்ல முடியாது.
நாக்கின் ஓரத்தை யாரோ
விரலால் தொட்டு எடுத்த மாதிரி.

என் வேலை துளி எண்ணுவது.
வெள்ளைத் தூளை நீரில் கரைத்து
கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் விட்டு
மேலிருந்து அயோடினைச் சொட்டவிடுவேன்.
தூளில் வைட்டமின் இருக்கும்வரை
விழுந்த இடத்திலேயே துளி நிறமிழக்கும்.
தீர்ந்ததும், அடுத்த துளிக்கு
குடுவை முழுக்க நீலம்.
குழாயை மூடு. எண்ணை எழுது.
99.7.
இருபத்தைந்து கிலோ பெட்டிகளில் அது
ஹாம்பர்க்குக்கும் சாந்தோஸுக்கும் கப்பலேறும்.

தம்பி யான்ஃபெங் ஹுவாங்ஹுவாவில்
உப்புப் பூத்த மண்ணில் இலந்தை வளர்க்கிறான்.
நெடுஞ்சாலை ஓரம் கடை. அட்டையில் சிவப்பு மை:
'மரத்தில் காய்த்த வைட்டமின். மாத்திரை எதற்கு?'
அந்த மாத்திரைதான் அவன் மகளின்
பியானோ வகுப்புக்குப் பணம் கட்டுகிறது.
நான் சொல்லிக்காட்டியதில்லை.

புத்தாண்டு இரவில் அவனாகவே ஆரம்பித்தான்,
ஜியாவ்ஸியைக் காடியில் தோய்த்துக்கொண்டே:
"அக்கா, உன்னுடையது செத்தது.
என்னுடையதற்கு உயிர் இருக்கிறது."
உன் பக்கத்து வயல் மக்காச்சோளம்
எந்த லாரியில் ஏறுகிறது என்று பார்த்தாயா என்றேன்.
அது மாவாகி, மாவு சர்க்கரையாகி
எங்கள் தொட்டிக்குத்தான் வருகிறது.
அங்கே கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று
லீவும் போனஸும் கேட்காமல் தின்றுகொண்டிருக்கிறது.
அதற்கு உயிர் இல்லையா?
"கடைசியில் அமிலம் ஊற்றுகிறீர்களே" என்றான்.
ஊற்றுகிறோம்தான்.
காடிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான்.

அக்டோபரில் இரண்டு கிலோ இலந்தை
பேருந்து ஓட்டுநர் கையில் வந்தது.
கடிதம் இல்லை.

விடியற்காலை மூன்று மணி.
லாவ் பாங் தராசு மேசையில் தலைசாய்த்திருந்தார்.
மூன்று பழங்களை அரிந்து, அரைத்து, வடிகட்டி
தூளுக்குச் செய்வதையே செய்தேன்.
அயோடின் ஊர் கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை.
ஒரு துளி மறைந்தது, இன்னொன்று மறைந்தது,
பிறகு அதே நீலம்.
நூறு கிராமுக்கு இருநூற்று முப்பத்தொன்பது மில்லிகிராம்.
கணக்குப் போட்டால் அந்த முழுப் பையும்
எங்கள் தூளில் ஒரு தேக்கரண்டி.

வென்றது நான்தான் என்று நினைத்துக்கொண்டே
மீந்த பாதியைக் கடித்தேன்.
சத்தம் அறை முழுக்கக் கேட்டது.
முதலில் தண்ணீர், அப்புறம் இனிப்பு,
புளிப்பு எங்கோ கடைசியில், வெட்கப்பட்டுக்கொண்டு.
அதை எழுத
பதிவேட்டில் கட்டம் இல்லை.

லாக்கரில் மறந்துபோன ஒரு பழத்தை
டிசம்பரில் கண்டெடுத்துச் சோதித்தேன்.
தோல் சுருங்கி, பாதிக்கு மேல் போயிருந்தது.
மூன்று வருடத்துக்கு முந்தைய தூள்
அப்படியே இருந்தது, நேற்று பிறந்ததுபோல்.
அதைப் பார்த்து ஏனோ
எனக்குப் பெருமை வரவில்லை.

அவனுக்கு நான் அனுப்பியது முதல் எண்ணை மட்டும்.
மறுவாரம் படம் வந்தது. புது அட்டை:
'வைட்டமின் ஆலையிலேயே சோதித்தது!'
நான் சிரித்த சிரிப்பில்
லாவ் பாங் விழித்து மணி பார்த்தார்.

ஆலை ஆண்டு முடிவில் ஆளுக்கொரு
புட்டி மாத்திரை தரும், ஆரஞ்சு நிறத்தில்.
எங்களில் யாரும் மூடி திறந்ததில்லை.
என் அலமாரி மேல் ஏழு புட்டிகள்.

ஜனவரியில், பனி மூடிய ஓர் இரவில்
யான்ஃபெங் குறுஞ்செய்தி அனுப்பினான்:
'இலந்தை விற்றுத் தீர்ந்துவிட்டது.
மகள் ஒரு காயும் பழமும் தொடமாட்டேன் என்கிறாள்.
அந்தப் புட்டி ஏதாவது இருக்கிறதா?
கடைக்கு அனுப்பாதே. வீட்டுக்கு அனுப்பு.'

இரண்டை எடுத்துத் தூசி துடைத்தேன்.
லேபிளைக் கிழிக்கலாமா என்று யோசித்து
கிழிக்காமலே கட்டினேன்.